ஊற்றும் குடமும்

சித்தேரி மலைக்குச் சென்றிருந்தபோது, ஊற்றடியில் மூதாட்டி ஒருவர் சொம்பால் நீர் மொண்டு குடம் நிரப்பிக்கொண்டிருந்தார். பின்னால் நான்கு குடங்கள் காத்திருந்தன. "கொடம் எத்தனை வச்சா என்ன சாமி, ஊத்து ஊறுற அளவுக்குத்தானே தண்ணி?" என்றார்.

எலியாஹு கோல்ட்ராட் 1984-இல் வெளிவந்த 'தி கோல்' நாவலில் சொல்வதும் இதுவே: ஆலையின் வேகம் அதன் மிக மெதுவான கட்டத்தின் வேகமே. மற்றவற்றை முடுக்கினால் தேக்கமே மிஞ்சும்.

முன்பு ஒரு குடிநீர்த் திட்டத்தில் நான் திட்டமிடல் பொறியாளன். பதித்த குழாயின் நீளத்தையே முன்னேற்றமென அளந்தோம். எளிய நிலத்தில் விரைந்து பதித்தோம். ரயில்பாதையைக் கடக்கும் அனுமதியை நான் பின்தொடரவில்லை. அறிக்கையில் தொண்ணூறு விழுக்காடு. ஊரில் ஒரு சொட்டு இல்லை. மண்ணுக்குள் வறண்டு கிடந்த குழாய் சாதனையன்று, சரக்குத் தேக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013-இல் அது தொடங்கிவைக்கப்பட்டது. நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும் மண் இது. இங்கே ஐந்தாண்டு என்பது வெறும் கால அட்டவணை அன்று. ஒரு குழந்தைக்கு நிலைப்பற்கள் உருவாகும் பருவம்.

இன்று எந்தத் திட்ட அறிக்கையைத் திறந்தாலும் குடங்களை எண்ணுவதில்லை. ஊற்று எதுவென்றே முதலில் தேடுகிறேன்.