விளக்கு எரிகிறது, நீரோ குளிர்கிறது

கடல்மீன்களை இல்லத்தில் வளர்க்க விழைவோர், கடலின் உப்பை மட்டுமன்றி அதன் வெப்பத்தையும் உடன் கொணர்தல் வேண்டும். பவளப்பாறைகளை அண்டி வாழும் கோமாளி மீனுக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரே உகந்தது. தன் உடலின் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள அதனால் இயலாது. நீர் குளிர்ந்தால் அதன் உடலும் குளிரும். பரந்த கடல் மெல்லவே சூடாகும், மெல்லவே குளிரும். 100 லிட்டர் கொண்ட தொட்டியோ ஓரிரவில் மாறிவிடும்.

உதகையில் நாம் பணிபுரியும் பங்கின் இல்லத்தில் அத்தகைய தொட்டி ஒன்று உண்டு. வெளிநாடு சென்ற குடும்பத்தார், இரண்டு கோமாளி மீன்களோடு அதனை நம்மிடம் ஒப்படைத்துச் சென்றனர். ஞாயிறுதோறும் மறைக்கல்வி முடிந்ததும் சிறுவர்கள் அதனைச் சூழ்ந்துகொள்வர்.

2023 டிசம்பரில், உறைபனி படிந்த ஒரு விடியற்காலையில், இரு மீன்களும் அடிமணலில் அசைவின்றிக் கிடந்தன. வெப்பமானி 20 டிகிரி காட்டிற்று. ஹீட்டரின் சிவப்பு விளக்கோ எரிந்துகொண்டிருந்தது. “ஹீட்டர் கெட்டுப்போச்சு சாமி, புதுசு வாங்கிடலாம்” என்றார் கோயில்பிள்ளை.

வாங்குமுன் ஆராய்வதே முறையென நாம் கருதினோம். வெப்பமானி பொய் கூறுகிறதோ? வேறொன்றை இட்டுப் பார்த்தோம். அதுவும் 20 என்றது. ஹீட்டரின் திருகு 26-இல் உள்ளதா? உள்ளது. நீரைச் சுழற்றும் பம்பு ஓடுகிறதா? ஓடுகிறது, நீர் ஓடாவிடில் ஹீட்டரைச் சுற்றி மட்டும் சூடு தங்கி, மறுகோடி குளிர்ந்தே கிடக்கும். ஹீட்டரின் கண்ணாடிக் குழல் முழுதும் அமிழ்ந்துள்ளதா? அமிழ்ந்திருந்தது. இவற்றைத் தொட்டுப் பார்க்குமுன் பிளக்கைக் கழற்றிவிட்டோம். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும் என்பதை வாசகர்கள் மறத்தலாகாது.

பின்னர், நம் பங்கைச் சேர்ந்த மின்பணியாளர் ஒருவர் தம் கருவியால் மின்னழுத்தத்தை அளந்தார். 230 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 180 மட்டுமே இருந்தது. குளிர் மிகுந்த வேளையில் ஊரெங்கும் வெந்நீர் ஹீட்டர்கள் இயங்குவதால் நேர்ந்த குறைவு அது என்றார். மின்னழுத்தம் குறைந்தால் ஹீட்டரின் ஆற்றல் அதன் வர்க்க அளவில் குறையும். ஆதலின் 100 வாட் ஹீட்டர் அவ்வேளை ஏறத்தாழ 61 வாட் அளவிலேயே உழைத்தது. மின்சாரம் உட்செல்கிறது என்பதையே விளக்கு அறிவிக்கும். எத்துணைச் சூடு பிறக்கிறது என்பதை அது அறியாது. புதிய ஹீட்டர் வாங்கியிருப்பினும் அதன் கதியும் அதுவே.

முதற்கண் மீன்களைக் காத்தல் வேண்டும். தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தி, காற்றுக்காக மேற்புறம் இடைவெளி விட்டோம். மூடிய புட்டிகளில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி மிதக்கவிட்டோம். வெந்நீரை நேரே ஊற்றுதல் கூடாது; திடீர் மாற்றமும் மீனுக்குக் கேடே. நண்பகலில் நீர் 24 டிகிரியை எட்டியது. மீன்கள் மெல்ல எழுந்து நீந்தின.

நிலையான தீர்வாக ஸ்டெபிலைசர் ஒன்றும், மற்றுமொரு 100 வாட் ஹீட்டரும் அமைத்தோம். 300 வாட் ஹீட்டர் ஒன்றே போதாதா எனச் சிலர் வினவினர். ஹீட்டருக்குள் உள்ள தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் அது அணையாது எரியும். 300 வாட் எனில், வெப்ப இழப்பு இல்லையேல், 100 லிட்டர் நீர் ஏறத்தாழ 23 நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் சூடாகி, இரண்டு மணி நேரத்தில் 5 டிகிரி உயர்ந்துவிடும். சூடான நீரில் உயிர்வளி குறைவு. மீனின் தேவையோ மிகுதி. இரு சிறிய ஹீட்டர்களுள் ஒன்று ஒட்டிக்கொண்டால் சூடு மெதுவாகவே ஏறும். ஒன்று அணைந்தால் மற்றது ஓரளவு காக்கும். மின்கசிவு நேர்ந்தால் நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் பொருத்தினோம். தொட்டியைச் சூழ்ந்து நிற்கும் சிறுவர்களின் கைகள் மீன்களினும் அருமையானவை அன்றோ!

சமவெளியில் வாழும் அன்பர்களுக்குக் கோடையில் இதற்கு நேர்மாறான துன்பம் வரும். நீரின் மேற்பரப்பில் மின்விசிறிக் காற்றுப் படச் செய்தால், நீர் ஆவியாகிச் சில டிகிரி குளிரும். உப்பு ஆவியாவதில்லை; ஆதலின் குறைந்த அளவை நன்னீரால் மட்டுமே ஈடுசெய்தல் வேண்டும். நீர்மட்டம் தாழ விடின், சூடான ஹீட்டர் வெளியே தெரிந்து அதன் கண்ணாடி வெடிக்கவும் கூடும்.

இப்போது கோயில்பிள்ளை காலையும் இரவும் வெப்பமானியைப் பார்த்து, அங்குள்ள குறிப்பேட்டில் எழுதுகிறார். விளக்கு எரிகிறதா என்று நம்மிடம் கூற அவர் வருவதில்லை. எத்தனை டிகிரி என்பதையே கூறுகிறார்.