எருவும் உரமும்

எரு என்பதும் உரம் என்பதும் நம் முன்னோர்க்கு ஏறக்குறைய ஒரே பொருளைத் தந்த சொற்கள். இன்றோ அவை இரண்டும் எதிரெதிர்க் கட்சிகளாகிவிட்டன. எருவின் பக்கம் நிற்போர் உரத்தை நஞ்சு என்கின்றனர். உரத்தின் பக்கம் நிற்போர் எருவைப் பழங்கனவு என்கின்றனர். கோப்புகளோடு காலம் கழிக்கும் மத்திய அரசு எழுத்தராகிய நாம் இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையோம் அல்லோம். எனினும், இரு தரப்பு ஆவணங்களையும் ஒருங்கே படித்துக் குறிப்பெழுதுவது நம் தொழிலாதலால், அந்த அளவில் சில சொல்லத் துணிகிறோம்.

முதலில் உரத்திற்குரிய நீதியை வழங்கிவிடுவோம். 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் இந்நாட்டில் மழை பொய்த்த ஆண்டுகள். அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்நோக்கி நாடு காத்திருந்த காலம் அது. அந்நிலையை மாற்றியவை குட்டை ரகக் கோதுமையும் நெல்லும், அவற்றிற்கு இட்ட உரமும், பாய்ச்சிய நீருமே. தஞ்சைத் தரணியில் ஆடுதுறை 27 பரவியதும் அந்தப் பத்தாண்டில்தான். பசியை அறியாத தலைமுறை பசியைத் தீர்த்த கருவியை இகழ்வது எளிது; ஆனால் அது நன்றியன்று.

அதே கருவி அளவு மீறியபோது விளைந்த கேட்டையும் மறைத்தல் ஆகாது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் பல ஆண்டுகள் வானிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்ஃபானின் துயரக் கதையை நாடே அறியும். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்நஞ்சைத் தடை செய்தது. தழைச்சத்து மட்டும் மலிவாகக் கிடைப்பதால் அதனையே மேலும் மேலும் கொட்டி, மண்ணின் மக்கு வளத்தை மறந்ததும் நம் காலத்துப் பிழையே. மக்கிய எருவின் அருமையை உலகுக்கு எடுத்துரைத்த ஆல்பர்ட் ஹோவார்டு என்னும் ஆங்கிலேயர், தம் முறையை இந்தூரில் இருந்தே வகுத்தார். அதற்கு 'இந்தூர் முறை' என்றே பெயர். தமிழகத்தில் நம்மாழ்வார் 2013-இல் மறையும் வரை ஊர் ஊராக நடந்து கூறியதும் மண்ணின் உயிரைப் பற்றியே அன்றோ?

இயற்கை வேளாண்மையை ஏட்டில் மட்டுமன்றி நேரிலும் காணும் வாய்ப்பு, பணியிட மாற்றத்தின் பெயரால் நமக்குக் கிட்டியது. சிக்கிமின் தலைநகராகிய கேங்டாக்கில் மூன்றாண்டுகள் பணியாற்றினோம். அம்மாநிலம் 2003-இல் இயற்கை வழியை மேற்கொள்வதாக அறிவித்தது. உர மானியத்தைப் படிப்படியாக நீக்கியது. 2014-இல் சட்டம் இயற்றியது. ஏறத்தாழ 75,000 ஹெக்டேர் நிலத்திற்குச் சான்று பெற்றபின், 2016-இல் நாட்டின் முதல் முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டுப் பயணம் அது.

விடுமுறை நாட்களில் மலைச்சரிவுகளில் நடந்து சென்று நாம் கண்ட காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. உத்திஸ் என்று அவர்கள் அழைக்கும் மரத்தின் நிழலில் பெரிய ஏலக்காய் செழித்திருக்கும். அம்மரத்தின் வேர் முண்டுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது, உதிரும் இலை மக்கி எருவாகிறது, கிளை விறகாகிறது. யூரியா ஆலை ஒன்று மரமாக நிற்பதைக் கண்டு வியந்தோம்.

ஆனால் லால் பஜாருக்குச் சென்றால் வேறொரு பாடம் காத்திருக்கும். நாம் உண்ட அரிசியில் பெரும்பகுதி சிலிகுரியிலிருந்து மலையேறி வந்ததே. 2018-இல் வெளி மாநிலக் காய்கறிகள் சிலவற்றிற்கு அரசு தடை விதித்தபோது, கடைத்தெருவில் அதன் இடர்ப்பாடு உடனே தெரிந்தது. ஏலமும் இஞ்சியும் விற்று அரிசி வாங்கும் மலைநாட்டிற்குப் பொருந்தியது, அரிசியையே விளைத்து விற்கும் நாட்டிற்கு அப்படியே பொருந்துமா?

இவ்வினாவிற்கு இலங்கை கொடுத்த விலை பெரிது. 2021 ஏப்ரலில் அங்கே இரசாயன உரத்திற்குத் தடை அறிவிக்கப்பட்டது. அந்நாட்டு உழவர்க்கு மாற்று எருவும் இல்லை, பயிற்சியும் இல்லை, காலமும் இல்லை. நெல்லும் தேயிலையும் வீழ்ந்தன. நவம்பருக்குள் தடையைத் திரும்பப் பெற நேர்ந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் நடக்க வேண்டியதைச் சில திங்களில் நடத்த முயன்றதன் பயன் அது.

கணக்கையும் சிறிது பார்ப்போம். நாற்பத்தைந்து கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய இருபத்தொரு கிலோ தழைச்சத்து உள்ளது. தொழுவுரத்தில் அது நூற்றுக்கு அரைப் பங்களவே. எனவே மிதிவண்டியின் பின்னே கட்டி வரும் ஒரு மூட்டைக்கு ஈடாக, நான்கு டன் எரு வேண்டும். எரு மணிச்சத்தையும் மக்கையும் உடன் கொணரும் என்பது மெய். மண்ணின் ஈரம் காக்கும் என்பதும் மெய். ஆயினும் உழவு மாடு போய் டிராக்டர் வந்துவிட்ட ஊரில் நான்கு டன்னுக்கு எங்கே போவது? சான்றிதழோ பருவப் பயிர்களுக்கு இரண்டாண்டு மாறுதல் காலம் கேட்கிறது. அவ்விரண்டாண்டும் விளைச்சல் குறையக்கூடும். விலையோ பழைய விலையே.

இவையெல்லாம் நமக்கு வெறும் எண்கள் அல்ல. குடவாசலுக்கு அருகே நம் குடும்பத்திற்கு எஞ்சியிருப்பது இரண்டு ஏக்கர் நன்செய். அதனைத் தம்பி உழுகிறான். அவன் மகளின் கல்லூரிக் கட்டணம் அந்த நெல்லில்தான் அடங்கியிருக்கிறது. மருந்து தெளித்த இரவுகளில் தலைவலியால் உறங்காமல் கிடப்பவன் அவன். சென்ற கோடையில் தொலைபேசியில், "அண்ணா, உரக்கடைக் கடனும் வேண்டாம், இந்த மருந்து நாற்றமும் வேண்டாம். ஒரேயடியாக இயற்கைக்கு மாறிவிடலாமா? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றான்.

அவனுக்கு நாம் கூறியது இது: "ஒரேயடியாக வேண்டாம் தம்பி, ஒரு பகுதியாகச் செய். அரை ஏக்கரில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழு. அதில் தூயமல்லி நடு. அந்த நெல்லுக்கு அதிக உரம் தேவையுமில்லை, இட்டால் சாய்ந்துவிடும். எஞ்சிய ஒன்றரை ஏக்கரில் உரத்தை மண் பரிசோதனைப்படி மட்டும் இடு. மருந்தை எடுக்குமுன் வேப்பங்கொட்டைக் கரைசலை முயன்று பார். அரை ஏக்கரில் விளைவது குறைந்தால் அக்குறையை நான் ஏற்கிறேன்."

அவன் சிரித்தான். "பக்கத்து வயலில் இட்ட மருந்து நீரோடு நம் வயலுக்கு வருமே, அதற்கு என்ன செய்வது?" என்று கேட்டான். வயல்விட்டு வயல் பாயும் காவிரிப் பாசனத்தில் அது மெய்யான கேள்வி. தனி உழவன் ஒருவன் மட்டும் தூய்மையாக இருத்தல் அரிது. ஒரு வாய்க்காலின் உழவர் அனைவரும் ஒன்றுகூடினாலன்றி முழுப்பயன் இல்லை. அதனை அவனுக்குச் சொல்லி, மேல் மடையிலுள்ள வயலையே தெரிந்தெடுக்கச் சொன்னோம்.

நகரத்தில் வாழும் நம் சங்கத்து அன்பர்களுக்கும் ஒரு சொல். நஞ்சில்லா உணவு வேண்டும் என்று விரும்புவோர், அதனை விளைப்பவன் இழக்கும் இரண்டாண்டு வருவாயில் பங்கேற்கவும் முன்வர வேண்டும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் உழவனிடம் மாறுதல் கால நெல்லையே சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்கினால் போதும். ஓர் அரை ஏக்கர் ஓர் ஏக்கராக வளரும். தம்பியின் அரை ஏக்கரில் விளையும் அரிசிக்கு நம் அலுவலகத் தோழர் மூவர் இப்போதே பெயர் கொடுத்திருக்கின்றனர்.