எடைக்குப் போகாத கல்

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தாமிரத்துக்கு ஒரு விலை, அலுமினியத்துக்கு ஒரு விலை. பிளாஸ்டிக்கில்கூட வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. ஃபெரைட்டுக்கு மட்டும் விலையே கிடையாது. டப்பா டி.வி.யைப் பிரிக்கும் பையன் யோக்கைத் தரையில் வைத்துச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டுவான். கறுப்புக் கல் நாலாகத் தெறிக்கும். தாமிரக் கம்பி சாக்குக்குள் போகும். "அது எடைக்குப் போகாதுக்கா, வேணும்னா சும்மாவே எடுத்துக்கோங்க" என்றான். சும்மாதான். ஆனால் அந்தக் குவியலில் உடையாத துண்டு ஒன்றுகூட இல்லை.

எனக்கு வேண்டியிருந்தது யு வடிவ ஃபெரைட் ஒரு ஜோடி. ஒரு கல்லூரியில் இயற்பியல் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். 'கௌரவம்' என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்பது இன்னொரு கட்டுரைக்கானது. எங்கள் ஆய்வகத்தில் ஹைட்ரஜன் குழாயை எரியவைக்கும் மின்வழங்கி செத்துப்போய் இரண்டு வருடம். புதிது வாங்க மூன்று கொட்டேஷன் வேண்டும், மூன்றும் வந்தபோது நிதியாண்டு முடிந்திருந்தது. இரண்டு பேட்ச் பிள்ளைகள் ரிட்பெர்க் மாறிலியைச் சீனியர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்தே 'கண்டுபிடித்து'விட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவது பேட்ச்சும் அப்படிப் போகக் கூடாது என்று பட்டது.

குழாய்க்கு 3,000 வோல்ட் போதும். அதற்கு ஏன் இந்தக் கல்? ஒரு கணக்கு. டி.வி.யின் இ.ஹெச்.டி.யில் இருக்கும் கோரின் கால் சுமார் 12 மி.மீ. கனம். அதே கனத்தில் சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் தகட்டை வைத்து, வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், ஒரு சுற்றுக்கு 0.03 வோல்ட்தான் தேறும். 3,000 வோல்ட்டுக்கு ஒரு லட்சம் சுற்று. ஃபெரைட் உண்மையில் இரும்பைவிட நோஞ்சான். இரும்பு தாங்கும் காந்தப்புலத்தில் கால்பங்குதான் தாங்கும். ஆனால் அது பீங்கான் மாதிரி, மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது; அதனால் வினாடிக்கு 25,000 முறை திசையை மாற்றினாலும் சூடேறிப் பாழாகாது. அந்த வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.7 வோல்ட். 12 வோல்ட் பக்கம் ஏழு சுற்று, அந்தப் பக்கம் 1,800. கையாலேயே சுற்றிவிடலாம்.

கோர் கடைசியில் கிடைத்தது, 30 வருடம் டி.வி. மெக்கானிக்காக இருந்த ஒரு பெரியவரிடம். கடை இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. மேலே பரணில் மட்டும் அட்டைப்பெட்டி நிறைய இ.ஹெச்.டி. "எல்லாம் கலைஞர் டி.வி.ல கழட்டுனதுங்கம்மிணி" என்றார். 2006-ல் தொடங்கி 2011-ல் நின்றுபோன இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் பெட்டிகள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஜோடி ஃபெரைட் இருந்திருக்கும். தமிழ்நாட்டின் ஃபெரைட் சுரங்கம் என்றால் அதுதான். அதைத்தான் உக்கடத்தில் சுத்தியலால் காலி செய்துகொண்டிருக்கிறார்கள்.

இ.ஹெச்.டி.யை அப்படியே பயன்படுத்த முடியாது. டயோடையும் சேர்த்து எபாக்ஸியில் புதைத்திருப்பார்கள். கோரை மட்டும் கழற்ற வேண்டும். கம்பிக் கிளிப்பை எடுத்துவிட்டு, ஹேர் டிரையரால் பொறுமையாகச் சூடாக்கினால் பசை இளகும். முறுக்கினால் போச்சு. இரண்டு யு சேரும் இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு இருக்கும். டி.வி.க்கு அந்த இடைவெளி தேவை, எனக்குத் தேவையில்லை. டேட்டாஷீட் கிடையாது என்பதால் பத்துச் சுற்றுச் சுற்றி எல்.சி.ஆர். மீட்டரில் பார்த்தேன். 200 மைக்ரோஹென்றி. போதும்.

இன்சுலேஷனைப் பற்றி நான் படித்ததைவிடப் பெரியவர் காட்டியது அதிகம். செத்துப்போன இ.ஹெச்.டி.களை வரிசையாக வைத்தார். ஒன்றில் ஊசிமுனைத் துளை, அதிலிருந்து மரக்கிளை மாதிரி கரிக்கோடு. "மழைக்காலத்துல டி.வி. பொறத்தாண்ட சர்ர்னு சத்தம் வருமே, ஞாபகம் இருக்குங்களா? ஒரு நாளுல செத்தது இல்லீங்க. உள்ள ஒரு காத்துக்குமிழி இருந்திருக்கும், அதே வருசக்கணக்கா கடிச்சிருக்கும்." அவர் சொன்னதற்குப் பாடப்புத்தகத்தில் விளக்கம் இருக்கிறது. பாலியெஸ்டர் படலத்துக்கு நடுவே காற்று மாட்டிக்கொண்டால், படலத்தில் இருப்பதைப்போல மூன்று மடங்கு மின்புலம் காற்றின் மேல் விழும். தாங்கும் திறன் குறைவானவன் தலையில்தான் பாரம் அதிகம்.

ஆனால் காற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. 1889-ல் பாஷன் கண்டது: சுமார் 330 வோல்ட்டுக்குக் கீழே, இடைவெளி எவ்வளவு சிறிதானாலும் காற்றில் பொறி பறக்காது. (ஹைட்ரஜன் நிறமாலையின் அகச்சிவப்புத் தொடருக்கும் அதே பாஷன் பெயர்தான். இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.) ஆகவே ஒரு அடுக்கில் 150 சுற்று என்று போட்டிருந்த திட்டத்தை 90 ஆக்கினேன். 20 அடுக்கு, அடுக்குக்கு 150 வோல்ட், அடுத்தடுத்த அடுக்குகளின் ஓரத்தில் அதிகபட்சம் 300. ஓரங்களில் 3 மி.மீ. காலியாக விட்டேன்.

படலத்துக்கும் 38 கேஜ் கம்பிக்கும் மோட்டார் வைண்டிங் கடை. பம்பு செட் ஊர் என்பதால் கோவையில் அதற்குப் பஞ்சமில்லை. கடைக்காரர் முதலில் லெதராய்டு பேப்பரை எடுத்துப் போட்டார். மோட்டாருக்கு அது நல்லது, ஆனால் ஈரத்தைக் குடிக்கும். பாலியெஸ்டர் படலம் கேட்டதும் "எத்தன ஹெச்.பி.ங்க மேடம்?" என்றார். மூவாயிரம் வோல்ட் என்றேன். எடை போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, "வூட்ல சொல்லிட்டீங்களா?" என்றார். பி.வி.சி. டேப் வாங்கவில்லை. அதன் பசை சூட்டில் வழியும், மடிப்பெல்லாம் காற்று.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டாயிரத்துச் சொச்சம் வோல்ட் தரும் மைக்ரோவேவ் அவன் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி விளையாடுகிறவர்கள் உண்டு. அதன் மின்னோட்டம் இரண்டாவது வாய்ப்பே தராது. என்னுடையது சில மில்லியாம்பியர்தான். அதையும் பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அக்ரிலிக் பெட்டி, மூடியைத் திறந்தால் மின்சாரம் அறுந்துபோகும் சுவிட்ச், ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்ளும் பழக்கம் எல்லாம் வைத்துக்கொண்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

சுற்றி முடிக்க நான்கு மாலைகள். பிறகு மெழுகு. பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரெஸரை வெற்றிடப் பம்பாக்கி, உருகிய பாரஃபினில் காயிலை முழுக்கி இழுத்தபோது, குமிழிகள் கொப்பளித்துக்கொண்டு வந்தன. முக்கால் மணி நேரம் வந்துகொண்டே இருந்தன. இவ்வளவு காற்றும் அதற்குள்தான் இருந்ததா!

வியாழக்கிழமை இருட்டறையில் குழாய் எரிந்தது, ரோஸ் நிறத்தில். ஸ்பெக்ட்ரோமீட்டரில் 656 நானோமீட்டர் சிவப்பு, 486-ல் பச்சை கலந்த நீலம், 434-ல் ஊதா. ஐந்தாவதாகப் பார்த்த பெண் கண்ணை எடுக்கவே இல்லை. பின்னால் இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள்.

"மேம், இன்னும் அந்தாண்ட ஒண்ணு தெரியுது. ரொம்ப மங்கலா."

410. ரெக்கார்டு நோட்டில் அந்தக் கோடு இல்லை. எனக்குத் தெரியவில்லை, என் கண்ணுக்கு அது எட்டவில்லை. கோணத்தைப் படித்து எழுதச் சொன்னேன்.