இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குடிப்பதில்லை. வங்கியில் இருந்த 38 வருஷத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. ஒயினைப் பற்றி எழுதுகிறேனே என்று பார்த்து, "அமெரிக்கா போய் ஆள் மாறிட்டார்" என்று யாரும் என் வீட்டுக்காரிக்குப் போன் போட வேண்டாம். அவளும் கூடத்தான் இருந்தாள்.

கலிபோர்னியாவில் ஓக்லண்டில் மகள் வீடு. பக்கத்து வீட்டில் ஒரு கறுப்பின அம்மா. அறுபதை நெருங்கும் வயது. பிறந்தது லூசியானா. தெற்கத்தி வழக்கப்படி என் பெயருக்கு முன்னால் மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவார். ஆறு பாட்டில் பிடிக்கிற பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கி ஒயினுக்கு ஆர்டர் பிடிப்பது அவர் வேலை. நம்மூர் மருந்து கம்பெனி ரெப் மாதிரி.

அவர் வீட்டு வேலியில் ஒரு திராட்சைக் கொடி தன் இஷ்டத்துக்குப் படர்ந்து கிடந்தது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கம்பம் பக்கம் பிறந்தவன் நான். அப்பா அடுத்தவர் பந்தலில் கவாத்து வெட்டிக் கூலி வாங்கியவர். கேட்டுக்கொண்டு நாலு கொடியை இழுத்துக் கட்டிவிட்டேன். எங்கே கற்றீர்கள் என்றார். அப்பாவைச் சொன்னேன், பன்னீர் திராட்சையைச் சொன்னேன். உள்ளே போய் ஒரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றி எடுத்து வந்தார். "குடிக்க வேண்டாம். மூக்கை மட்டும் கொடுங்க."

முகர்ந்தேன். சுருளிப்பட்டிப் பந்தலுக்குக் கீழே விடியற்காலையில் நின்றேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அது மஸ்கட் ஜாதி திராட்சையாம். நம்ம பன்னீரும் அந்தக் குடும்பம்தான், மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். "எனக்கு இதைப் பிடிக்கவே பிடிக்காது மிஸ்டர்" என்றார். ஏன் என்றதற்கு, "ஒயின் ருசி பார்க்கிற இடத்துக்கு நான் போனால், என்ன வேணும்னு கேட்காமலே இந்த இனிப்பு ஒயினைத்தான் எடுத்து வைப்பாங்க. கறுப்பு ஆளுக்கு இனிப்புதான் பிடிக்கும்னு அவங்களே முடிவு பண்ணிடுவாங்க" என்றார்.

அதன் பிறகு மாலை நேரங்களில் வாசல்படியில் உட்கார்ந்து நிறையச் சொன்னார். ஓட்டல்களில் முன்வாசல் வழியாகப் போனால், சரக்கு இறக்க வந்தவர் என்று நினைத்துப் பின்வாசலைக் காட்டுவார்கள். ஒயின் பரீட்சைக்குப் படித்த வகுப்பில் இவர் ஒருவர்தான் கறுப்பினத்தவர். வாசனைக்கு அங்கே என்று சில சொற்கள் உண்டாம். பென்சில் சீவல், ஈரக்கல், ஐரோப்பியத் தோட்டத்துப் பழங்கள். இவர் "எங்க பாட்டி காய்ச்சின அத்திப்பழ ஜாம் மாதிரி" என்று சொல்ல, வாத்தியார் முறையான வார்த்தையில் சொல்லச் சொன்னாராம். வகுப்பே சிரித்தது. ஒன்பது வருஷம், தன் மூக்கில்தான் ஏதோ கோளாறு என்று இவர் நினைத்திருக்கிறார்.

2015 ஆகஸ்டில் நாபா பள்ளத்தாக்கில் நடந்தது சிலருக்கு நினைவிருக்கலாம். புத்தக வாசிப்புக் குழுப் பெண்கள் 11 பேர், ஒருவரைத் தவிர எல்லாரும் கறுப்பினத்தவர், ஒரு சுற்றுலா ரயிலில் ஒயின் ருசிக்கப் போனார்கள். சத்தமாகச் சிரித்தார்கள் என்று, பெட்டி பெட்டியாக மற்றவர்கள் பார்க்க நடத்திக்கொண்டு போய் நடுவழியில் இறக்கிவிட்டார்கள். அதில் ஒருவருக்கு 83 வயது. அந்தச் செய்தி வந்த வாரம்தான் இவர் வேலையை விட்டுவிடலாம் என்று எழுதி வைத்தாராம்.

விடாததற்குக் காரணம், அந்தச் சமயத்தில் ஒரு ருசி பார்க்கும் கூட்டத்தில் ஒரு பெரியவர் வந்து, "உங்க ஜனங்க எந்த ஊரு?" என்று கேட்டதுதான். கறுப்பின ஒயின்காரர்களுக்கு ஒரு சங்கம் இருப்பதே இவருக்கு அவர் சொல்லித்தான் தெரியும். 2002-இல் மேக் மெக்டொனால்டும் இன்னும் இருவரும் சேர்ந்து தொடங்கியது. மெக்டொனால்டு டெக்சாஸில் கள்ளச்சாராயம் காய்ச்சியவரின் மகன். 12 வயதில் யாரோ கொடுத்த பிரெஞ்சு ஒயினை ருசித்து, இதைத்தான் செய்வேன் என்று பிடிவாதமாக இருந்து கலிபோர்னியாவில் செய்தும் காட்டியவர். அமெரிக்காவில் ஒயின் தயாரிப்பவர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேற மாட்டார் என்பார்கள். நூறில் ஒருவராக இருப்பவருக்குத் தன்னைப் போல இன்னொருவர் அடுத்த ஊரில் இருப்பது எப்படித் தெரியும்?

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு இவர் வீட்டுக் கொல்லையில் ஒரு பத்துப் பேர் கூடுகிறார்கள். எங்களையும் கூப்பிட்டார்.

பெரிய ஓட்டல் ஒன்றில் ஒயின் பரிமாறுகிற பெண், சோதனைக்கூடத்தில் புளிப்பு அளக்கிறவர், பீப்பாய் கழுவி வேலை கற்றுக்கொண்டிருக்கிற ஒரு பையன் என்று பலவிதம். குடித்துக் கூத்தடிப்பார்கள் என்று நினைத்துப் போன என் மனைவிக்கு ஏமாற்றம். பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி வைத்து, வாயில் ஊற்றிக் கொப்பளித்து வாளியில் துப்பினார்கள். "காசு குடுத்து வாங்கினதைத் துப்புறாங்களே" என்று என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பையனுக்குப் பரீட்சை வருகிறது, அவனைத் தயார் செய்கிறார்களாம்.

அவர்கள் பணம் பேசத் தொடங்கியதும் எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. கடன் பிரிவில் இருந்தவன் அல்லவா. இவர்களில் ஒயின் தயாரிக்கிறவர்களுக்கும் சொந்த நிலம் இல்லை. நாபாவில் ஒரு ஏக்கர் வாங்கும் கதையே வேறு. பழத்தை டன் கணக்கில் விலைக்கு வாங்கி, அடுத்தவர் ஆலையில் வாடகைக்கு இடம் பிடித்துப் பிழிய வேண்டும். நல்ல சிவப்பு ஒயின் பீப்பாயில் ஒன்றரை, இரண்டு வருஷம், பிறகு பாட்டிலில் கொஞ்ச காலம். அதுவரை போட்ட பணம் எழுந்திருக்காது. ஈடு வைக்கப் பாட்டன் சொத்து இல்லாதவனுக்கு எந்த மேனேஜர் கொடுப்பான்? நானே கொடுத்திருக்க மாட்டேன். அதனால் எந்தத் தோட்டக்காரர் பழத்தைத் தவணைக்குத் தருவார், எந்த ஓட்டல் சொன்ன தேதியில் பணம் தரும் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். சங்கம் என்பது அவர்களுக்கு இதுதான்.

நடுவில் அந்தப் பையன் கிளாஸை முகர்ந்து, "சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பை" என்றான். பை என்றால் அவர்கள் வீட்டில் சுடும் பண்டம். யாரும் விளக்கம் கேட்கவில்லை. பத்துப் பேரும் தலையாட்டினார்கள். பக்கத்து வீட்டு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு கிளாஸை என்னிடம் நீட்டினார்கள். "ஆலையில் வெல்லப்பாகு இறக்குகிற வாசனை" என்றேன். அந்தப் பெண் அதை எழுத்துக்கூட்டிக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இருட்டியதும் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டிப் படம் போட்டார்கள். 'பிளைண்ட் அம்பிஷன்' என்ற ஆவணப்படம். ஜிம்பாப்வேயிலிருந்து பிழைக்க ஓடிவந்த நான்கு பேர் தென்னாப்பிரிக்காவில் ஓட்டல் வேலை செய்துகொண்டே ஒயின் கற்று, 2017-இல் பிரான்சில் நடந்த உலகப் போட்டியில் ஜிம்பாப்வேயின் முதல் அணியாக நின்ற கதை. அதில் ஒருவர் மனைவியோடு சரக்கு ரயில் பெட்டிக்குள் அடைபட்டு எல்லையைக் கடந்தவர். போட்டியில் கடைசிக்கு முந்தின இடம்தான் கிடைத்தது. அதற்குத்தான் கொல்லையில் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நால்வரில் ஒருவர், டினாஷே நியாமுடோக்கா, பிறகு தன் ஒயினுக்கு வைத்த பெயர் 'குமுஷா'. அவர்கள் ஷோனா மொழியில் சொந்த ஊர் என்று பொருள்.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை கேட்டார். நல்ல பிள்ளை, குதர்க்கமாகக் கேட்கவில்லை. "ஒயின்ல என்ன மாமா கறுப்பு, வெள்ளை? இவங்களுக்குன்னு தனியா எதுக்கு ஒரு கூட்டம்?"

இதே கேள்வியை 1982-இல் மதுரையில் என்னிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு முன் நாலு வருஷம் நான் வேலை பார்த்த கிளையில், எங்கள் தெருவிலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. எல்லாருக்கும் டீ வரும். என்னுடைய கிளாஸின் அடியில் மட்டும் சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி இருக்கும். மதுரைக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் என்னைப் போல எட்டுப் பேர் ஞாயிறுதோறும் டவுன்ஹால் ரோடு லாட்ஜ் ஒன்றில் கூடுவது தெரிந்தது. பிரமோஷன் பரீட்சைக்குப் பாடம், "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்காமல் வீடு தருகிறவர்களின் விலாசம், ஒரே தூக்கில் வந்த டீ. ஓர் அண்ணன் எனக்குக் கணக்கு வைப்பு முழுவதையும் சொல்லிக் கொடுத்தார். நான் 1989-இல் ஆபீசர் ஆனேன். அதோடு அந்த அறைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். புது இடத்தில் என்னை யாரென்று தெரிய வேண்டாம் என்றிருந்தது. அண்ணன் அனுப்பிய மகள் கல்யாணப் பத்திரிகைக்கும் போகவில்லை. மகளுக்கே இதைச் சொன்னதில்லை. இப்போது இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

மாப்பிள்ளையிடம் அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஊர் திரும்பியதும், ஓய்வூதியர் சங்கத்தில் விசாரித்து அண்ணன் நம்பரை வாங்கினேன். 84 வயதாம். நான்கு நாள் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் போட்டேன். பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"தம்பி," என்றார், "எங்கய்யா போயிட்ட?"