இஸ்கந்தரிய்யாவுக்கு ஒரு பயணத் திட்டம்



இன்ஷா அல்லாஹ், வரும் அக்டோபர் மாத இறுதியில் எங்கள் குடும்பத்தினர் ஐவர் எகிப்தின் மத்தியதரைக் கடற்கரை நகரமான இஸ்கந்தரிய்யாவுக்குச் செல்ல எண்ணியுள்ளோம். உம்மா, நான், என் கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், சவூதியில் பணிபுரியும் தம்பி ஆகியோரே அந்த ஐவர். பயணம் இன்னும் தொடங்கவில்லை. ஆனால் திட்டமிடும்போதே ஒரு குடும்பம் தன்னைப் பற்றி எவ்வளவோ அறிந்துகொள்கிறது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன். இத்தகைய விவாதம் நடக்காத வீடு நம் சமுதாயத்தில் அரிது என்பதும் ஒரு காரணம்.

இந்த ஆசை உம்மாவுடையது. எங்கள் ஊர் காயல்பட்டினம். மறைந்த எங்கள் வாப்பா வெள்ளி இரவுகளில் வீட்டில் கஸீதத்துல் புர்தாவை ஓதுவார். நாங்கள் பாயில் சுற்றி அமர்ந்து உடன் ஓதுவோம். இளமையில் அவர் சரக்குக் கப்பலில் பணியாற்றியவர். ஒருமுறை கப்பல் இஸ்கந்தரிய்யா துறைமுகத்தில் நின்றபோது இறங்கிச் செல்ல அனுமதி கிடைக்கவில்லை. மேல்தளத்தில் நின்றபடி தொலைவில் தெரிந்த மினாராக்களைப் பார்த்து, புர்தாவைப் பாடிய இமாம் பூஸீரி அடங்கியிருக்கும் ஊர் இதுவே என்று ஸலாம் சொல்லித் திரும்பினாராம். இதனைப் பலமுறை எங்களிடம் கூறியிருக்கிறார். வாப்பா மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உம்மாவுக்கு இப்போது வயது 71. முழங்கால் வலி கூடிக்கொண்டே வருகிறது. "நடக்க முடிகிற காலத்திலேயே அந்த ஊரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்று சென்ற ரமளானில் வாய்விட்டுக் கேட்டார். தமக்கென்று எதையும் கேட்டறியாதவர் கேட்டதால், எங்களால் அதனை எளிதாகக் கடந்துபோக இயலவில்லை.

தம்பி உடனே மறுத்தான். அவன் கூறிய காரணங்கள் இரண்டு. கையில் பணமிருந்தால் முதலில் உம்ராவுக்கே செல்ல வேண்டும் என்பது முதலாவது. கப்றுகளை நாடிப் பயணம் மேற்கொள்வது கூடாது என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது கருத்தைப் பற்றி நம் ஆலிம்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. மூன்று பள்ளிவாசல்களை நோக்கிய பயணத்தின் சிறப்பைக் கூறும் நபிமொழியை ஒரு சாரார் ஒருவிதமாக விளங்குகின்றனர். மறுசாரார் வேறுவிதமாக விளங்குகின்றனர். நான் ஆலிமா அல்லள். தீர்ப்புச் சொல்லவும் வரவில்லை. அந்த வேறுபாடு எங்கள் வீட்டுக் கூடத்திற்குள் வந்து அமர்ந்தபோது என்ன செய்தோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

உம்ரா பற்றிய கேள்விக்கு உம்மாவே விடை கூறினார். வாப்பாவும் அவரும் 2009ஆம் ஆண்டு ஹஜ்ஜை நிறைவேற்றியவர்கள். பின்னர் ஒருமுறை உம்ராவும் செய்தார்கள். "கடமை முடிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். இதைக் கடமை என்று நான் சொல்லவில்லையே, ஆசை என்றுதானே சொன்னேன்" என்றார். அதோடு ஒரு நிபந்தனையும் விதித்தார். பேத்தியின் இவ்வாண்டுக் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட வேண்டும். ஸகாத்துக் கணக்கு முடிய வேண்டும். யாருக்கும் கடன் நிலுவை இருக்கக் கூடாது. இவை மூன்றும் நிறைவேறிய பின்னரே பயணச்சீட்டு வாங்க வேண்டும் என்றார். அவர் சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்தது.

அடுத்து, பயணத்தின் நோக்கங்களை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதினோம். நிய்யத் உள்ளத்தில் இருப்பது. ஆனால் நம் உள்ளத்தில் இருப்பது நமக்கே தெளிவாகத் தெரிய எழுத்து உதவுகிறது. தாயின் நியாயமான விருப்பத்தை நிறைவேற்றுவது முதலாவது. பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைக் கவனித்துப் படிப்பினை பெறுவது இரண்டாவது. இது திருக்குர்ஆன் பலமுறை வலியுறுத்தும் செயல். கல்வி வளர்ந்த ஓர் ஊரை மகளுக்குக் காட்டுவது மூன்றாவது. மறைந்தோருக்கு ஸலாம் கூறி, அவர்களுக்காகவும் நமக்காகவும் அல்லாஹ்விடம் மட்டுமே துஆச் செய்து, மறுமையை நினைவுகூர்வது நான்காவது. "அல்லாஹ்விடம் மட்டுமே" என்ற சொற்களின் கீழ் உம்மா தம் கையாலேயே கோடிட்டார்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் யோசனை தேவைப்பட்டது. கோடையில் கெய்ரோவின் வெப்பம் தாங்காமல் மக்கள் இந்தக் கடற்கரைக்குத் திரள்வார்கள். விடுதிக் கட்டணமும் கூட்டமும் ஏறிவிடும். குளிர்காலத்தில் புயல்மழை வரும். இஸ்கந்தரிய்யா மீனவர்கள் அத்தகைய ஒவ்வொரு புயற்காலத்தையும் 'நவ்வா' என்றழைத்து, அவற்றுக்குத் தனித்தனிப் பெயரும் இட்டிருக்கிறார்கள். நவம்பர் நடுவில் வருவது 'மக்னஸா', அதாவது துடைப்பம். தெருக்களைப் பெருக்கித் தள்ளிவிடும் மழை என்று பொருள். அதற்கு முந்தைய அக்டோபரில் வெயில் தணிந்திருக்கும். பகலில் 28 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். கடல்நீரில் கோடையின் வெதுவெதுப்பு இன்னும் மிஞ்சியிருக்கும். நமக்கோ அது ஐப்பசி அடைமழைக் காலம். "நாம் இல்லாத நேரத்தில் மாடியில் தண்ணீர் தேங்குமே" என்பதே உம்மாவின் பெருங்கவலை. பக்கத்து வீட்டு மாமியிடம் சாவி ஒப்படைக்கப்படுகிறது.

தங்கும் நாள்களைக் கணக்கிட்டபோது தொழுகையையும் சேர்த்தே கணக்கிட்டோம். நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். சென்று சேரும் நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி, ஓரிடத்தில் நான்கு முழு நாள்கள் தங்க நிய்யத் வைத்தால் முஸாஃபிருக்குரிய சலுகை அங்கே நின்றுவிடும் என்பது நம் மத்ஹபின் சட்டம். கெய்ரோவில் ஓரிரவு தங்கிவிட்டு, ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தொலைவை ரயிலில் கடந்து, புதன்கிழமை இஸ்கந்தரிய்யா சேர்கிறோம். வியாழன், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாள்கள் அங்கிருந்து ஞாயிறன்று புறப்படுகிறோம். எனவே லுஹர், அஸர், இஷாவைச் சுருக்கியும், லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழும் சலுகை எங்களுக்குத் தொடரும். படியேறவும் உளூச் செய்யவும் சிரமப்படும் உம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய இலகு என்பதை, முதியோரை அழைத்துச் சென்றவர்கள் அறிவார்கள். ஹனஃபி மத்ஹபில் தங்கும் நாள்களின் வரம்பு 15. தொழுகைகளைச் சேர்ப்பதிலும் வேறுபாடு உண்டு. ஆகவே அவரவர் தத்தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்வதே முறை.

இன்னொரு நுட்பமும் தெரியவந்தது. எகிப்தில் 2023 முதல் கோடைக்கால நேரம் மீண்டும் நடைமுறைக்கு வந்துள்ளது. அக்டோபரின் கடைசி வியாழன் நள்ளிரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்புவார்கள். நாங்கள் அங்கிருக்கும் வியாழன் அதுவே. மறுநாள் வெள்ளியன்று பகல் 12 மணிக்கு முன்னரே லுஹர் நேரம் வந்துவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் நிதானமாகப் புறப்பட்டால் ஜும்ஆ தவறிப்போகும். குளிர்நாடு செல்வோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

அந்த வெள்ளியன்று அபுல் அப்பாஸ் அல்முர்ஸீ பள்ளிவாசலில் தொழ எண்ணியுள்ளோம். அந்தலூஸின் முர்ஸியா நகரில் பிறந்து, இமாம் அபுல் ஹஸன் ஷாதுலீ அவர்களிடம் பயின்று, இஸ்கந்தரிய்யாவில் வாழ்ந்து மறைந்தவர் அவர். ஷாதுலிய்யா தரீக்கா இந்த ஊரிலிருந்தே பல நாடுகளுக்குப் பரவியது; காயல்பட்டினத்து ஸாவியாவும் அதன் தொடர்ச்சியே. 'ஹிகம்' என்னும் புகழ்பெற்ற நூலின் ஆசிரியர் இப்னு அதாஇல்லாஹ் அவருடைய மாணவர். அவர் பிறந்ததும் இங்கேதான். இப்போதுள்ள பள்ளிவாசலை வடிவமைத்தவர் மாரியோ ரோஸ்ஸி என்ற இத்தாலியக் கட்டிடக் கலைஞர்; எகிப்தில் பள்ளிவாசல்கள் கட்டிய அவர் பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவினார். அதற்கு மிக அருகிலேயே இமாம் பூஸீரியின் பள்ளிவாசல். எகிப்தின் பெரிய பள்ளிவாசல்களில் பெண்களுக்குத் தனியிடம் இருப்பதால், தைக்காவில் தொழுது பழகிய எங்களுக்கு அது புதிதாகத் தோன்றாது.

சனிக்கிழமை மகளுக்குரியது. 2002இல் திறக்கப்பட்ட புதிய நூலகத்தைக் காண அவள் ஆவலாக இருக்கிறாள். பழைய இஸ்கந்தரிய்யா நூலகத்தை உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி முஸ்லிம்கள் எரித்தார்கள் என்ற கதையை அவளிடம் யாரோ கூறியிருந்தனர். அவளே தேடிப் படித்தாள். முஸ்லிம்கள் அந்நகரை அடைந்தது ஏழாம் நூற்றாண்டில். இந்தக் கதை நூல்களில் தலைகாட்டுவதோ அதற்கு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின்னர். பழைய நூலகம் அவர்கள் வருமுன்பே அழிந்துவிட்டது என்றே இன்றைய வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் கருதுகின்றனர். பயணத்திற்கு முன்பே அவள் பெற்ற பயன் இது.

இப்னு பதூதாவையும் அவள்தான் எங்களுக்கு நினைவூட்டினாள். 1326இல் அவர் இந்நகருக்கு வந்தபோது புகழ்பெற்ற கலங்கரை விளக்கத்தின் ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349இல் மீண்டும் வந்தபோது உள்ளே நுழைய முடியாத அளவுக்கு அது சிதைந்திருந்தது. அந்த இடத்தில்தான் 1477இல் சுல்தான் காயித்பாய் கோட்டை எழுப்பத் தொடங்கினார். இந்நகரில் சந்தித்த ஒரு நல்லடியார், இந்தியாவிலும் சீனாவிலும் உள்ள தம் சகோதரர்களைச் சந்திக்கச் செல்வீர் என்று கூறியதே தம் நெடும்பயணத்திற்கு வித்தாயிற்று என்கிறார் இப்னு பதூதா. அந்தப் பயணம் அவரை மஅபர் என்று அரபுகள் அழைத்த நம் கரைக்கும் மதுரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

தம்பியின் கருத்து மாறவில்லை. மாற்ற நாங்கள் முயலவும் இல்லை. நோக்கங்களின் பட்டியலை அவனுக்கு அனுப்பியபோது இரண்டு நாள்கள் பதிலில்லை. பிறகு அழைத்தான். "ராத்தா, நான் கெய்ரோவுக்கு நேராக வந்துவிடுகிறேன். நீங்கள் ஸியாரத்துக்குப் போகும்போது நான் பள்ளியில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருப்பேன். ஆனால் படி ஏறவும் இறங்கவும் உம்மாவின் கையை நான்தான் பிடிப்பேன்" என்றான். உம்மாவிடம் சொன்னேன். "அது போதும்" என்றார். அன்றிரவே அவனுக்குப் பிடித்த நார்த்தங்காய் ஊறுகாயை எந்தப் பெட்டியில் வைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

நம் வீடுகளில் மார்க்கக் கருத்து வேறுபாடு எழுந்தால் பேச்சு நின்றுபோவதையே பெரும்பாலும் காண்கிறோம். ஒரு வீட்டுப் பிள்ளைகள் பெருநாளைக்குக்கூட ஒரே தஸ்தர்கானில் அமர மறுப்பதையும் பார்த்திருக்கிறோம். எல்லோரும் ஒரே கருத்துக்கு வந்த பின்னரே ஒன்றாகப் புறப்படுவது என்றால் நம்மில் யாரும் எங்கும் போக முடியாது. எதில் சேர்ந்து நடப்பது, எங்கே ஒருவர் சற்று ஒதுங்கி நிற்பது என்பதை முன்கூட்டியே கண்ணியமாகப் பேசிக்கொண்டால், பயணமும் நடக்கும், உறவும் நிலைக்கும். உறவைப் பேணுவது கடமை என்பதில் எந்தச் சாராருக்கும் கருத்து வேறுபாடு இல்லையே!

காயல்பட்டினத்தில் மேற்கு நோக்கித் தக்பீர் கட்டும்போது கடல் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இஸ்கந்தரிய்யாவில் கிப்லா தென்கிழக்கே; அங்கும் கடல் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும் என்று வரைபடத்தைப் பார்த்து மகள் கூறினாள். இரு கரையிலும் முகம் திரும்புவது ஒரே இல்லத்தை நோக்கித்தான்.

உம்மாவின் உடல்நலத்திற்காகவும், இப்பயணம் அல்லாஹ் பொருந்திக்கொள்ளும் பயணமாக அமையவும், வாப்பாவின் மண்ணறை ஒளிபெறவும் துஆச் செய்யுங்கள். ஆமீன். வஸ்ஸலாம்.