உட்பகை

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில், ஏரிக்கு அணித்தாக எம் இல்லம் உளது. விடியுமுன் எழுந்து வீட்டுவேலை முடித்து, ஞாயிறுதோறும் எமக்கு முன்னரே ஆலயம் சேரும் எம் அன்னையார், ஈராண்டுகட்கு முன் தளரலாயினார். பங்குனி வெயிலிலும் போர்வை வேண்டினார், குரல் கம்மிற்று, முகம் வீங்கிற்று, அடுப்பில் வைத்த பாலை மறந்து அமர்ந்திருந்தார். யாமோ அதனைச் சோம்பல் என்றே எண்ணினோம். ஒருநாள், "அம்மா, உமது உடம்பில் நோயொன்றும் இல்லை; வேலை செய்ய மனந்தான் இல்லை" என்றும் கூறிவிட்டோம். அவர் மறுமொழி கூறினாரில்லை.

பின்னர்க் குருதியைச் சோதித்த மருத்துவர் உண்மையை உரைத்தார். கழுத்தின் முன்புறத்துள்ள தைராய்டுச் சுரப்பியை அன்னையாரின் வெள்ளணுக்களே அழித்து வந்தன.

இந்நோயை முதன்முதல் விளக்கியவர் ஹஷிமோட்டோ என்னும் ஜப்பானிய அறுவை மருத்துவர். பெண்கள் நால்வரிடமிருந்து அறுத்தெடுத்த சுரப்பிகளில் நிணவணுக்கள் திரண்டிருத்தலைக் கண்டு, 1912-இல் அவர் எழுதினார். இந்நோயாளரின் குருதியில் தம் சுரப்பியையே எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் உண்மையை, 1956-இல் லண்டனில் ராய்ட், டோனியாக் முதலியோர் கண்டனர்.

நிணவணுக்களுள் ஒருவகையான டி அணுக்கள், மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் என்னும் உறுப்பில் பக்குவம் எய்துவன. தன்னுடலைப் பகையெனக் கருதுவன பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படும். தப்பியவற்றை அடக்கும் டி அணுக்களும் உள; அவ்வடக்குமுறை பற்றிய கண்டுபிடிப்புகட்காகவே சகாகுச்சி உள்ளிட்ட மூவர் 2025-இல் நோபெல் பரிசு பெற்றனர். இக்காவல் தளருங்கால், உதவி செய்யும் டி அணுக்கள் பி அணுக்களைத் தூண்ட, அவற்றால் எதிர்ப்பொருள்கள் தோன்றும். கொல்லும் டி அணுக்கள் சுரப்பியின் உயிரணுக்களை அழிக்கும். சுரப்புக் குன்றவே உடலின் வெப்பமும் ஊக்கமும் குன்றும். ஆடவரினும் மகளிர்க்கே இந்நோய் பன்மடங்கு மிகுதி.

வள்ளுவர் உட்பகைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். தேர்வின் பொருட்டு அதனை மனனம் செய்த யாம், அதன் பொருளை அன்றுதான் உணர்ந்தோம். காக்கவேண்டியவரே தாக்குதல் அன்னையாரின் கழுத்தில் மட்டுமோ நிகழ்ந்தது? எம் வீட்டிலும் நிகழ்ந்தது. அணுக்கள் அறியாது செய்தன. யாமும் அறியாது செய்தோம். எனினும், வினவி அறிய எமக்கு வாய் இருந்ததன்றோ!

இன்று அன்னையார் காலையில் வெறுவயிற்றில் தைராக்சின் மாத்திரை ஒன்று உட்கொள்கின்றார். அஃது உட்பகையை ஒழிப்பதன்று. குறைந்த சுரப்பை ஈடுசெய்வதே. விடுமுறை நாள்களில் அதனைத் தண்ணீருடன் எடுத்துத் தருவது எம் கடமை. நண்பர்காள்! நும் இல்லத்தில் ஒருவர் காரணம் தோன்றாது தளர்வராயின், கடிந்துரைக்குமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.