கடற்கரைச் சாலை

பயணக் கட்டுரை எழுதுவது எப்படி என்று முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறேன். புறப்பாடு, வழிக்காட்சி, ஊர்ச்சிறப்பு, திரும்புதல், முடிவு என ஐந்து பத்திகளாகப் பிரித்து எழுதிக் காட்டுவேன். ஆயின் பயணத்திற்குத் திட்டம் வகுப்பது எப்படி என்பதை நான் எவருக்கும் கற்பித்ததில்லை. அதனை அண்மையில் பிறரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவனானேன்.

எங்கள் பள்ளி ஈப்போவிற்கு அப்பால், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் நிற்கிறது. பால்மரங்கள் மறைந்து செம்பனை வந்தது; பின்னர்ச் செம்பனையின் ஒரு பகுதியும் மறைந்து வீடமைப்புப் பகுதி வந்தது. தோட்டத்தின் பெயர் இன்று எங்கள் பெயர்ப்பலகையில் மட்டுமே வாழ்கிறது. ஆறாம் ஆண்டில் பதினொரு மாணவர்கள். அவர்களுக்குக் 'கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது' என்னும் தலைப்பைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னேன். பதினொரு கட்டுரைகளிலும் பொன்னிற மணல் பரந்து கிடந்தது; வெண்ணுரை பொங்க அலைகள் ஆர்ப்பரித்தன. எழுத்துப்பிழை மிகக் குறைவு. மகிழ்ச்சியோடு வகுப்பிற்குச் சென்று, "கடலை நேரில் கண்டவர்கள் கை உயர்த்துங்கள்" என்றேன். நான்கு கைகளே உயர்ந்தன.

ஈப்போவிலிருந்து லூமுட் கடற்கரைக்கு ஒன்றரை மணி நேரப் பயணமே. எனினும் பெற்றோர் பலர் தொழிற்சாலைகளில் முறைமாற்றி வேலை செய்பவர்கள். ஒருவருக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் மற்றவருக்குக் கிடைப்பதில்லை. பிள்ளைகள் மாதிரிக் கட்டுரை நூலில் கண்ட கடலையே எழுதியிருந்தார்கள். அதற்கு நான் மதிப்பெண்ணும் வழங்கியிருந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. பள்ளியைவிட்டுச் செல்வதற்குமுன் இவர்களைக் கடற்கரை வழியாகவே மலாக்கா வரை அழைத்துச் செல்வது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் நாட்டுப்படத்தை விரித்தேன். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமை பெற்றபின், தெற்கே செல்வோர் உள்நாட்டு வழியாகவே விரைகின்றனர். அதற்கு முன்னரே இருந்தது ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை. பேராக்கின் ஜெலாப்பாங்கில் தொடங்கி, கடலோரப் பகுதிகளின் வழியே சிலாங்கூர், நெகிரி செம்பிலான், மலாக்கா ஆகிய மாநிலங்களைக் கடந்து, ஜொகூரின் ஸ்கூடாய் வரை செல்கிறது. படத்தில் அச்சாலை கடலின் கரையைத் தொட்டுத் தொட்டுச் செல்வதாகவே தோன்றியது. மூன்று நாள், நான்கு மாநிலம், பதினான்கு இடங்கள் என்று ஒரு திட்டம் எழுதினேன். 1874-இல் பிரிட்டிஷார் உடன்படிக்கை செய்துகொண்ட பங்கோர், 1885-இல் எழுப்பப்பட்ட தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரம், கோல சிலாங்கூர்க் கோட்டை, 1945-இல் நேசநாட்டுப் படை இறங்கிய மோரிப் கடற்கரை எனப் பட்டியல் நீண்டது. அதில் வரலாறு இருந்தது, ஆண்டுகள் இருந்தன. எனக்கு மனநிறைவாக இருந்தது.

துணைத் தலைமையாசிரியை அதனை இருமுறை படித்துவிட்டு, "ஐயா, பிள்ளைகள் எப்போது சாப்பிடுவார்கள்?" என்று மட்டும் கேட்டார். நான் விடை கூறவில்லை. வழியை ஒருமுறை பார்த்து வந்தால் ஐயம் தீரும் என்று எண்ணி, ஒரு சனிக்கிழமை விடியலில் துணைவியாருடன் காரில் புறப்பட்டேன்.

தெலுக் இந்தானைக் கடந்தோம். பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிக்கும் பெர்ணம் ஆற்றைக் கடந்தோம். சபாக் பெர்ணம், சுங்கை பெசார், செக்கிஞ்சான் என ஊர்கள் வந்தன. தென்னந்தோப்புகளும் செம்பனையும் பச்சை வயல்களும் மாறி மாறி வந்தன. கடல் மட்டும் வரவில்லை. நான்கு மணி நேரம் கழிந்தபின் துணைவியார் மெல்லக் கேட்டார்: "கடலைப் பார்க்கத்தானே வந்தோம்?"

காரணம் பின்னர் விளங்கிற்று. மலாக்கா நீரிணை அகலங்குறைந்த அமைதியான நீர்ப்பரப்பு. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் கரையோரம் படிந்து சேற்றுநிலமாகிறது. அச்சேற்றில் அலையாத்திக் காடுகள் வளர்கின்றன. அவற்றிற்குப் பின்னால் கடல்நீரைத் தடுக்கும் வரப்பு. அதற்குப் பின்னால் வயல். அதற்கும் பின்னால்தான் சாலை. ஆகவே நெடுந்தொலைவு வரை கடற்கரைச் சாலையில் செல்பவனுக்குக் கடல் தெரிவதில்லை. வேண்டுமானால் சாலையை விட்டு விலகி, மேற்கே திரும்பித்தான் அதனைக் காண வேண்டும். நாட்டுப்படம் பொய் சொல்லவில்லை. நான்தான் அதனைப் படிக்கத் தெரியாதவனாக இருந்தேன்.

வீடு திரும்பியதும் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். எங்கெங்கே செல்வது என்பதை விட்டு, எங்கெங்கே விலகித் திரும்புவது என்று எண்ணத் தொடங்கினேன். மாநிலத்திற்கு ஓரிடம் போதும் என வரையறுத்துக்கொண்டேன். பேராக்கில் தெலுக் இந்தான். அதன் கோபுரம் மென்மையான மண்ணில் நிற்பதால் சாய்ந்தது. கடலோர மண்ணின் இயல்பை அதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் கூறாது. சிலாங்கூரில் கோல சிலாங்கூரின் மெலாவாத்திக் குன்று. 1907-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் அங்கு நிற்கிறது. குன்றின் மேலிருந்து பார்த்தால் அலையாத்திக் காட்டிற்கு அப்பால் நீரிணை தெரியும். கடலை முதன்முதலாகக் காணும் பிள்ளைக்கு அதுவே தக்க இடம். நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன். கால் நனைக்க மணற்கரை அங்கு உண்டு. பக்கத்திலுள்ள தஞ்சோங் துவான் முனை நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருந்தும் மலாக்காவிற்கு உரியது. எல்லைக்கோடுகளை மனிதரே வகுத்தனர் என்பதை அங்கே எளிதில் உணர்த்தலாம். இறுதியாக மலாக்கா. 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயமும், தமிழ்ப் பேச்சை இழந்தும் வழிபாட்டையும் பெயர்களையும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் மலாக்காச் செட்டிகளின் சிற்றூரும் அங்கு உள்ளன.

பங்கோரை நீக்கினேன், அருகில் இருப்பதால் என்றேனும் பெற்றோர் அழைத்துச் செல்வர். மோரிப்பை நீக்கினேன். ஒவ்வொன்றையும் நீக்குகையில் மனம் வலித்தது உண்மை. ஆயினும் திட்டம் மூச்சுவிடத் தொடங்கியது. உணவு வேளைக்கும் இடம் கிடைத்தது. செலவில் பாதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்றுக்கொண்டது. பத்துப் பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்பினர். ஒரு கடிதம் மட்டும் வரவில்லை.

அம்மாணவன் தன் பாட்டியோடு வாழ்பவன். வகுப்பில் அதிகம் பேசாதவன். பணமே தடையாக இருக்கலாம் என எண்ணி, அதற்கும் வழி செய்துகொண்டு, ஒரு மாலை அவன் வீட்டிற்குச் சென்றேன். எண்பதைக் கடந்த அந்த அம்மையார் எனக்குத் தேநீர் கலந்து வைத்துவிட்டு எதிரில் அமர்ந்தார்.

"வாத்தியாரய்யா, காசு பிரச்சினை இல்ல. கடல்ல போயி என்னத்தப் பாக்கப் போறான்? நான் பாத்தது போதும்" என்றார்.

பிறகு சிறிது சிறிதாகக் கூறலானார். 1951-ஆம் ஆண்டு, அவருக்கு அப்போது எட்டு வயது. நாகப்பட்டினத்தில் தாயோடும் தம்பியோடும் ரஜுலா கப்பலில் ஏறினார். தந்தை கிள்ளான் பக்கத் தோட்டம் ஒன்றில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். தம்பிக்கு வழியில் காய்ச்சல் கண்டது. கரை கண்டபோது அவன் இல்லை. துறையில் நின்ற தந்தை, இரண்டு பிள்ளைகள் வருவார்கள் என்று இரண்டு பொம்மைகள் வாங்கி வைத்திருந்தாராம். போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் அத்துறையின் பெயரைத் தம் நாவிற்கேற்ப வளைத்தே அவர் கூறினார். மணமாகிப் பேராக்கிற்கு வந்தபின் ஒருமுறையேனும் அவ்விடத்தை அவர் திரும்பப் பார்த்ததில்லை.

நான் என் திட்டத்தை மடியில் வைத்திருந்தேன். போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. அது என் முதல் பட்டியலிலும் இல்லை; இரண்டாம் திட்டத்திலும் இல்லை. கொள்கலப் பெட்டிகளும் பாரந்தூக்கிகளும் நிறைந்த இடத்தில் பிள்ளைகள் எதைக் காண்பார்கள் என்று எண்ணி, அதனைக் கருதவே இல்லை. நம்மவர் ஆயிரமாயிரமாய் இறங்கிய துறையை ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் அழகில்லை என்று விட்டுவிட்டேன். வரலாறு இருக்கிறது என்று நான் பெருமை கொண்ட திட்டத்தில் எங்கள் வரலாறு இருக்கவில்லை.

"அம்மா, அந்தத் துறைக்கு இவனை அழைத்துப் போகட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தண்ணியில இறங்க விடாதீங்க. நான் இறங்குன எடத்துல ஒரு நாழி நின்னுட்டு வரட்டும்" என்றார். கடிதத்தில் பெருவிரல் அளவில், தமிழில், தம் பெயரை எழுதினார்.

தெலுக் இந்தானில் தங்கும் நேரத்தைக் குறைத்து, இரண்டாம் நாள் காலையைக் கிள்ளான் துறைமுகத்திற்கு ஒதுக்கினேன். துறைமுகத்தினுள் எல்லாரும் நுழைய இயலாது. ஆயின் கெத்தாம் தீவிற்குப் படகு செல்லும் துறையிலிருந்து நீரையும் கப்பல்களையும் காணலாம். அன்று காலை பதினொரு பிள்ளைகளும் அங்கே நின்றார்கள். 1941-இல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், சீனத் தொழிலாளருக்கு ஈடான ஊதியம் வேண்டியும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் இழிவு நீங்க வேண்டியும் வேலைநிறுத்தம் செய்ததைக் கூறினேன். துருப்புகள் வரவழைக்கப்பட்டதையும், சிலர் சுடப்பட்டு இறந்ததையும் கூறினேன். சைக்கிளைப் பற்றி ஒரு சிறுமி மூன்று வினாக்கள் கேட்டாள்.

அந்த மாணவன் எதுவும் கேட்கவில்லை. எல்லாரும் வண்டிக்குத் திரும்பும்போதுதான் என்னிடம் வந்தான். "ஐயா, பாட்டி எந்தப் பக்கமிருந்து வந்தாங்க?" நான் வடமேற்கே கை காட்டினேன். அவன் அத்திசை நோக்கி நின்றான். வண்டியோட்டுநர் ஒலி எழுப்பினார். சற்றுப் பொறுக்குமாறு சைகை காட்டினேன். திட்டத்தில் அந்த நேரத்திற்கு இடமில்லை; எனினும் அன்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலை போர்ட்டிக்சனில் எல்லாரும் கால் நனைத்தார்கள். அவன் மட்டும் பாட்டியின் சொல்லைக் காத்து மணலில் அமர்ந்து, நண்பர்களின் காலணிகளுக்குக் காவல் இருந்தான். மலாக்காவில் செட்டிச் சமூகத்தார் ஒருவர் எங்களோடு மலாயில் அன்போடு உரையாடினார். அவர்களைப் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கையாகக் காட்ட வேண்டும் என்று முன்னர்க் குறித்து வைத்திருந்தேன். அவர் வீட்டுப் பூசையறையைக் கண்டபின் அக்குறிப்பை வாசிக்க மனம் வரவில்லை. அம்முன்னோர்க்குத் தமிழ்ப்பள்ளி வாய்க்கவில்லை, நமக்கு வாய்த்திருக்கிறது. அவ்வளவே நான் கூறினேன்.

பள்ளி திரும்பியபின் அதே தலைப்பில் மீண்டும் கட்டுரை எழுதச் சொன்னேன். இம்முறை எழுத்துப்பிழைகள் மிகுதி. அந்த மாணவன் அரைப் பக்கமே எழுதியிருந்தான். அவன் கட்டுரையில் பொன்னிற மணல் இல்லை. ஆர்ப்பரிக்கும் அலை இல்லை. கடல் சேற்று நிறத்தில் இருந்தது என்று தொடங்கியிருந்தான். அதன் கீழே சிவப்பு மையால் எதுவும் எழுதாமல், கட்டுரை ஏட்டை அவன் பாட்டியிடம் காட்டுமாறு சொல்லி அனுப்பினேன்.

ஆசிரிய நண்பர்களே, நீங்களும் மாணவர்களை அழைத்துச் செல்லத் திட்டமிடுவீர்கள். நாட்டுப்படத்தை விரிப்பதற்குமுன் அவர்கள் வீடுகளுக்கு ஒருமுறை சென்று வாருங்கள்.